எழுபதா, எண்பத்து நாலா

பணகுடி தாண்டினால்
நாலாம் கியரில் முக்கும் வண்டி.
மூன்றுக்கு இறக்கினால் அலறும்.
ஆனியில் கணவாய்க் காற்று
ஹெட்லைட்டின் மேல் கைவைத்துத் தள்ளும்,
ரேஷன் வரிசையில் முந்துகிறவளைத் தள்ளுவதுபோல.

அந்தக் காற்றுதான் எனக்குச் சம்பளம்.
எண்பது மீட்டர் ஏணி ஏறி
கியர்பாக்ஸுக்கு எண்ணெய் மாற்றுகிறவள்.
மேலே அதற்குச் சேவகம்,
கீழே அதோடு மல்லுக்கட்டு.

மேலப்பாளையத்தில் மீரான்
ட்யூப் அட்டையைக் கிழித்து
இரண்டு வட்டம் போட்டான்.
இப்போது இருப்பது எழுபது மில்லிமீட்டர்.
போடலாம் என்பது எண்பத்து நாலு.
சின்ன டீ கிளாஸ், பெரிய டீ கிளாஸ்,
அவ்வளவுதான் வித்தியாசம்.
ஆனால் முந்நூற்று நாற்பத்தாறு சி.சி.
ஐந்நூறு ஆகிவிடும்.

"செலவு அதோட நிக்காது, பாத்துக்கிடுங்க.
கிளட்ச் புதுசு வேணும்.
க்ராங்க் பழசு, அது என்ன சொல்லுமோ.
கேஸ் வாயை வெட்டணும், வெட்டுனா வெட்டுனதுதான்.
ஆர்.சி. புக்கு பழைய நம்பரத்தான் சொல்லும்,
ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நீங்கதான் நடக்கணும்."

பையில் சீட்டு எடுத்த நாற்பதாயிரம்.
"முதல்ல ஹெட்டைக் கழட்டு" என்றேன்.

கரி.
பெட்ரோல் துணியால் துடைக்கத் துடைக்க
பிஸ்டன் தலையில் ஒரு எண் எழுந்து வந்தது.
மீரான் டார்ச்சை வாயில் கவ்வியபடி வாசித்தான்:
அறுபது. கடைசி ஓவர்சைஸ்.
மூன்று முறை வெட்டியாகிவிட்டது,
இனி வெட்டினால் லைனர் காகிதம்.

எனக்கு விற்றவர் வீரவநல்லூர் சங்கிலிபூதத்தான்,
கூட்டுறவு வங்கி, நெற்றி நிறையத் திருநீறு.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன் என்றார்.
ஞாயிற்றுக்கிழமைகள்
இவ்வளவு இரும்பைத் தின்னுமா?

ஆக, இரண்டே வழி.
புது லைனர் இறக்கித் திரும்ப எழுபது,
நாலாயிரத்தில் முடியும்.
இல்லையென்றால் எண்பத்து நாலு.

எனக்குத் தெரியாததல்ல.
அதே கோபுரத்தில் நீள இறக்கை மாட்டிய
ஒரு தளத்தில் வேலை பார்த்திருக்கிறேன்.
இரண்டாம் வருஷம் பேரிங் பேசத் தொடங்கியது,
மூன்றாம் வருஷம் கிரேன் வந்தது.
அறிக்கை எழுதியது நான்தான்,
பெயர்: ஜெபக்கனி, கையெழுத்து, தேதி.

எண்பத்து நாலு என்றேன்.
காரணம் கேட்காதது மீரானின் நல்ல குணம்.

கோயமுத்தூர்ப் பார்சல்
ஆடித் தள்ளுபடித் துணிமூட்டைகளுக்கு அடியில் மாட்டி
மாசக் கடைசியில்தான் வந்தது.
பேட்டை லேத்தில் ஐந்து நாள்.
முதல் கிக்குக்குப் பெடல் என்னைத் தூக்கி எறிந்தது.
ஏழாவதில் பிடித்துக்கொண்டது.
பக்கத்து டீக்கடை மாஸ்டர்
பன் அலமாரிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாயிரம் கிலோமீட்டர்
அம்பதத் தாண்டாதீங்க.
ரிங் உக்காரணும்."

ஆவணி முழுக்க ஐம்பதில் போனேன்.
வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு,
மாலையில் காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர்.
பால் வண்டி முந்தியது.
தேங்காய் லோடு முந்தியது.
பின்னால் புல்லுக்கட்டோடு ஒரு மொபெட்
முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தது.
காற்று மட்டும் வழக்கம்போல
ஹெட்லைட்டில் கைவைத்துத் தள்ளியது.
என் தொடைகளுக்கு இடையே ஐந்நூறு சி.சி.
பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

ஐப்பசி நாலாம் தேதி, எட்டு மணி.
பணகுடி பாலத்தில் மீட்டர் கணக்கை முடித்தது.
முறுக்கினேன்.

எழுபது. எண்பத்தைந்து. நூறு.
எதிரே யாருமில்லை.
ஒரு புளிய இலை ஆடவில்லை.
இறக்கைகள் ஆளுக்கொரு திசை பார்த்து
நின்றுகொண்டிருந்தன.

ஓரமாக நிறுத்தினேன், அணைக்கவில்லை.
ஐட்லிங்கில் நின்றது வண்டி,
யாரோ வருவதாகச் சொல்லியிருந்தது போல.